ஸ்வீடிஷ் நெடுந்தொகைகளில் அசைப்பிரிப்பும் அழுத்தமும்

0. முன்னுரை

ஸ்வீடிஷ், ஜெர்மானிய மொழிகளின் வடகிளையைச் சார்ந்தது. ஏறத்தாழ ஒரு கோடி மக்களால் பேசப்படும் இம்மொழி, 2009ஆம் ஆண்டின் மொழிச் சட்டத்தால் ஸ்வீடன் நாட்டின் முதன்மை மொழியாக அறிவிக்கப்பட்டது. பின்லாந்தின் இரு தேசிய மொழிகளுள் இதுவும் ஒன்றாகும்.

இம்மொழியின் சொல்லாக்கத்தில் தொகைச்சொற்கள் பெறும் இடம் மிகப் பெரிது. இரண்டு பெயரடிகள் இடைவெளியின்றி இணைந்து ஒரு சொல்லாகின்றன. அவ்வாறு இணைந்த சொல் மீண்டும் மற்றொன்றுடன் இணையலாம். இந்த இணைவுக்கு இலக்கணம் எல்லை எதனையும் வகுக்கவில்லை. 130 எழுத்துகள் கொண்ட ஒரே சொல் ஒன்று ஸ்வீடிஷ் மொழியின் இயல்பைக் காட்டுவதற்காக அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது. அது விளையாட்டாகப் புனையப்பட்டதே. எனினும் மூன்று அல்லது நான்கு உறுப்புகள் கொண்ட தொகைகள் நாளிதழ்களிலும் அரசாணைகளிலும் அன்றாடம் வழங்குகின்றன. அவற்றுட் பல, அகராதியில் இடம்பெறாதவை. தேவை நேர்ந்தபோது ஆக்கப்பட்டவை. 1874 முதல் வெளிவரும் ஸ்வீடிஷ் அகாதெமியின் சொற்பட்டியலும் இவை அனைத்தையும் அடக்கிவிட இயலாது.

எனவே ஒரு வினா எழுகிறது. முன்பு கேட்டறியாத ஒரு நெடுந்தொகையைக் கேட்பவர், அஃது ஒரே சொல் என்பதையும், அதன் உறுப்புகள் எங்கெங்கே பிரிகின்றன என்பதையும், அவ்வுறுப்புகளுள் எது எதனோடு முதலில் இணைந்தது என்பதையும் எவ்வாறு அறிகிறார்? ‘தொகைச்சொல்லின் முதல் அசை அழுத்தம் பெறும்’ என்று பாடநூல்கள் தரும் சுருக்க விதி இவ்வினாவிற்கு முழு விடையாகாது. மேற்கூறிய மூன்று செய்திகளும் மூன்று வேறு கருவிகளால் உணர்த்தப்படுகின்றன என்பதை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது. சொல்லின் ஒருமையை அழுத்தமும் தொனியும் உணர்த்துகின்றன. உறுப்பெல்லையை அசைப்பிரிப்பும் அசையளவும் உணர்த்துகின்றன. உறுப்புகளின் சேர்க்கைமுறையைச் சாரியை உணர்த்துகிறது.

1. குறியீட்டு முறை

ஸ்வீடிஷ் சொற்கள் இங்கு ஒலிப்பினை ஒட்டித் தமிழெழுத்தில் தரப்படுகின்றன. உறுப்பெல்லை சிறுகோட்டாலும் (-), உறுப்பினுள் அசையெல்லை புள்ளியாலும் (.) காட்டப்படும். முதன்மை அழுத்தம் பெறும் அசைக்கு முன் இரட்டைச் சாய்கோடும் (//), துணை அழுத்தம் பெறும் அசைக்கு முன் ஒற்றைச் சாய்கோடும் (/) இடப்படும். நீண்டொலிக்கும் மெய், தேவையான இடங்களில் இரட்டித்து எழுதப்படும். ஸ்வீடிஷ் மொழியின் தகர ஒலிகள் பல்லொலிகளாதலின் ‘த்’ என்னும் எழுத்து அவற்றுக்குப் பொருந்தும். இதழ்குவிந்த முன்னுயிர்களுக்குத் தமிழில் எழுத்தின்மையால் அவற்றுக்கு நெருங்கிய உயிரெழுத்து ஆளப்படுகிறது. ஒலிப்புடைய மெய், ஒலிப்பிலா மெய் என்னும் வேறுபாடும் இங்குக் காட்டப்படவில்லை.

2. அசையும் அளவும்

2.1 மெய்ம்மயக்கம்

ஸ்வீடிஷ் அசையின் முதலில் மூன்று மெய்கள் வரை வரலாம். அசையின் இறுதியில் அதனினும் மிகுதியான மெய்கள் வருவதுண்டு. ‘கொடியது’ என்னும் பொருளுடைய ‘ஹெம்ஸ்க்த்’ என்னும் ஓரசைச் சொல்லின் இறுதியில் நான்கு மெய்கள் நிற்கின்றன. இத்தகைய சொற்கள் தொகையாகும்போது எல்லையில் மெய்கள் குவிகின்றன. ‘ஆதாயம்’ எனப் பொருள்படும் ‘வின்ஸ்த்’, ‘வரி’ எனப் பொருள்படும் ‘ஸ்கத்’ ஆகிய இரண்டும் சேர்ந்த ‘வின்ஸ்த்-ஸ்கத்’ என்பதில் இரண்டு உயிர்களுக்கிடையே ஐந்து மெய்கள் தொடர்ந்து வருகின்றன. இவற்றை எவ்விடத்தில் பிரிப்பது என்பதே அசைப்பிரிப்பின் சிக்கலாகும்.

2.2 குறில் நெடில்

அழுத்தம் பெறும் ஒவ்வோர் அசையும் நிறையளவு உடையதாதல் வேண்டும் என்பது ஸ்வீடிஷ் ஒலியமைப்பின் அடிப்படை விதி. உயிர் நெடிலாயின் அதனைத் தொடரும் மெய் குறுகி நிற்கும். உயிர் குறிலாயின் தொடரும் மெய் நீண்டொலிக்கும். பின்வரும் இணைகள் இதனைப் புலப்படுத்தும்.

(1) தாக் ‘கூரை’ : தக்க் ‘நன்றி’
(2) மாத் ‘உணவு’ : மத்த் ‘பொலிவற்ற’
(3) க்லாஸ் ‘கண்ணாடி’ : க்லஸ்ஸ் ‘பனிக்குழை’

இவ்வளவு வேறுபாடு அழுத்தமுடைய அசைகளில் மட்டுமே நிலைபெறும். ஆதலின் அசையின் அளவு, அழுத்தம் இருக்குமிடத்தையும் உடனுணர்த்தும் குறியாகிறது. தனிச்சொற்களில் அழுத்தத்தின் இடம் மாறினால் பொருளும் மாறும். ஒரே எழுத்துகளால் எழுதப்படும் ஒரு சொல், //பா.னன் என ஒலிக்கும்போது ‘அப்பாதை’ எனவும், ப.//னான் என ஒலிக்கும்போது ‘வாழைப்பழம்’ எனவும் பொருள்படுகிறது.

3. தொகையில் அசைப்பிரிப்பு

3.1 உறுப்பெல்லையே அசையெல்லை

உயிர்களுக்கிடையே வரும் மெய்களுள் இயன்றவரை மிகுதியானவற்றை அடுத்த அசையின் முதலுடன் சேர்ப்பது பல மொழிகளில் காணப்படும் பொது இயல்பு. ஸ்வீடிஷ் தொகைகளில் இப்பொது இயல்பு உறுப்பெல்லையைக் கடப்பதில்லை. முதலுறுப்பின் இறுதிமெய், அடுத்த உறுப்பின் முதலாக ஏற்கத்தக்கதாயினும், தன்னுறுப்பை விட்டு நீங்குவதில்லை. எழுத்தில் ஒன்றாகவும் ஒலியில் இரண்டாகவும் அமையும் பின்வரும் சொற்கள் இதற்குச் சான்றாகும்.

(4) //பீல்-/த்ருல்.லெ ‘பொறுப்பற்ற காரோட்டி’
(5) //பில்த்-/ருல்.லெ ‘படச்சுருள்’

(4) ‘பீல்’ (கார்), ‘த்ருல்லெ’ (பண்பற்றவன்) என்பவற்றின் தொகை. (5) ‘பில்த்’ (படம்), ‘ருல்லெ’ (சுருள்) என்பவற்றின் தொகை. இரண்டையும் எழுதும் முறையில் ஓரெழுத்தும் வேறுபடுவதில்லை. ஒலிக்கும்போது தகரம் எவ்வுறுப்பைச் சார்ந்தது என்பது, அதற்கு முன்னுள்ள உயிரின் அளவாலேயே தெளிவாகிறது. தகரம் இரண்டாம் உறுப்பைச் சார்ந்ததாயின் முதலுறுப்பின் உயிர் நெடில். முதலுறுப்பைச் சார்ந்ததாயின் குறில். கீழ்வருவனவும் அவ்வாறே.

(6) //க்லாஸ்-/ஸ்கூ ‘கண்ணாடிக் காலணி’
(7) //க்லஸ்ஸ்-/கூ ‘பனிக்குழைப் பசு’

(6) சிண்டெரெல்லா கதையில் வரும் காலணியைக் குறிக்கும் சொல். (7) நகைச்சுவைக்காக ஆக்கப்படுவது. எனினும் எழுத்து இரண்டிற்கும் ஒன்றே.

3.2 மூன்று மெய் விதி

ஒரே மெய்யெழுத்து மூன்று முறை அடுத்தடுத்து வர நேர்ந்தால் இரண்டு மட்டுமே எழுதப்படும் என்பது ஸ்வீடிஷ் எழுத்து விதி. ‘விரிப்பு’ என்னும் பொருளுடைய சொல் தொகையில் ‘மத்த்’ என நிற்கும். அதனுடன் ‘திருடன்’ எனப் பொருள்படும் ‘ஷூவ்’ இணைகிறது. ஷகரமாக ஒலிப்பினும் இச்சொல் தகரத்தைக் கொண்டே எழுதத் தொடங்கப்படுவது. ஆகவே மூன்று தகரங்கள் சேர வேண்டிய இடத்தில் இரண்டே நிற்கின்றன. இதன் விளைவாக, ‘விரிப்புத் திருடன்’ (//மத்த்-/ஷூவ்) என்பதும் ‘உணவுத் திருடன்’ (//மாத்-/ஷூவ்) என்பதும் எழுத்தில் வேறுபாடின்றி ஒன்றாகிவிடுகின்றன.

வரியின் இறுதியில் இச்சொல்லைப் பிரிக்க நேரும்போது மறைந்த எழுத்து மீண்டும் தோன்றும் என்பது ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. விரிப்புத் திருடன் எனின் முதல் வரியில் இரண்டு தகரங்களும் அடுத்த வரியில் ஒரு தகரமும் எழுதப்படும். உணவுத் திருடன் எனின் வரிக்கு ஒன்றாக அமையும். தொகைச்சொற்களை உறுப்பெல்லையிலேயே பிரித்தல் வேண்டும் என்னும் வரிப்பிரிப்பு விதியும் இதனோடு இயைந்ததே. தனிச்சொல்லைப் பிரிக்கையில் ஒரு மெய்யை அடுத்த வரிக்குக் கொண்டுசெல்லலாம் என்னும் எளிய முறையைத் தொகையின் எல்லையில் கையாளுதல் பிழையாகும்.

3.3 எல்லையைக் கடக்கும் ஒலிமாற்றம்

உறுப்பெல்லை அசைப்பிரிப்பைக் கட்டுப்படுத்துகிறது எனினும், எல்லா ஒலிமாற்றங்களையும் தடுத்துவிடுவதில்லை. நடு ஸ்வீடனில் ரகரத்தைத் தொடரும் பல்லொலி, ரகரத்துடன் கலந்து வளைநா ஒலியாகிறது. ‘குழந்தை’யைக் குறிக்கும் சொல் ரகரமும் னகரமும் கொண்டு எழுதப்படினும் ‘பாண்’ என்றே ஒலிக்கிறது. இம்மாற்றம் தொகையின் எல்லையைக் கடந்தும் நிகழும். ‘சொம்மர்’ (கோடை), ‘தாக்’ (நாள்) என்பவை இணைந்து //சொம்.ம-/டாக் ‘கோடைநாள்’ என்றாகின்றன. நிலைமொழியின் ரகரம் மறைய, வருமொழியின் தகரம் டகரமாகிறது. தமிழில் ‘கண்’, ‘நீர்’ என்பவை புணர்ந்து ‘கண்ணீர்’ ஆகும்போது வருமொழியின் பல்லொலி வளைநா ஒலியாவது இங்கு ஒப்புநோக்கத்தக்கது. மாற்றம் நிகழ்ந்த பின்னரும் டகரம் இரண்டாம் உறுப்பின் முதலாகவே நிற்கிறது. ஆகவே அசையெல்லை இடம்பெயர்வதில்லை.

4. அழுத்தமும் தொனியும்

4.1 முதலும் இறுதியும்

நடு ஸ்வீடிஷ் வழக்கில் தொகையின் அழுத்தத்தை இரு விதிகளில் அடக்கலாம்.

(அ) முதலுறுப்பு தனித்து நிற்கையில் அதன் எவ்வசை அழுத்தம் பெறுமோ, அவ்வசை தொகையின் முதன்மை அழுத்தத்தைப் பெறும்.
(ஆ) இறுதியுறுப்பு தனித்து நிற்கையில் அதன் எவ்வசை அழுத்தம் பெறுமோ, அவ்வசை தொகையின் துணை அழுத்தத்தைப் பெறும்.

முதன்மை அழுத்தம் முதலுறுப்பிற்கு உரியதேயன்றி முதலசைக்கு உரியதன்று. பின்வருவனவற்றை ஒப்பிடுக.

(8) //ஸ்தாத்ஸ்-பிப்.லி.யு./தேக் ‘நகர நூலகம்’
(9) உ.னி.வெ.ஷி.//தேத்ஸ்-பிப்.லி.யு./தேக் ‘பல்கலைக்கழக நூலகம்’

‘பல்கலைக்கழகம்’ என்னும் கடன்சொல் தனித்து நிற்கையில் ஐந்தாம் அசையில் அழுத்தம் பெறுவது. ஆகவே தொகையிலும் அவ்வசையே முதன்மை அழுத்தத்தைப் பெறுகிறது. ‘நூலகம்’ என்னும் சொல்லின் ஈற்றசை இரு தொகைகளிலும் துணை அழுத்தத்தோடு நிற்கிறது.

இறுதியல்லாத உறுப்பு, தொகை வளரும்போது தன் நிலையை இழக்கிறது. ‘திராட்சை மது’வைக் குறிக்கும் ‘வீன்’ என்னும் ஒரே உறுப்பு மூன்று நிலைகளை அடைவதைக் கீழே காணலாம்.

(10) //வீன்-/க்லாஸ் ‘மதுக் கிண்ணம்’
(11) //ரோத்-/வீன் ‘சிவப்பு மது’
(12) //ரோத்-வீன்ஸ்-/க்லாஸ் ‘சிவப்பு மதுக் கிண்ணம்’

‘வீன்’ (10)இல் முதன்மை அழுத்தத்தையும், (11)இல் துணை அழுத்தத்தையும் பெறுகிறது. (12)இல் இரண்டும் இல்லை. ஆயினும் இடையுறுப்பின் உயிர் முற்றிலும் குறுகிவிடுவதில்லை. அதன் அளவு பெரும்பாலும் நிலைத்திருக்க, சுருதியின் ஏற்ற இறக்கம் மட்டுமே அதனை விட்டு நீங்குகிறது. இடையுறுப்புகள் அழுத்தத்தை இழந்த பின்னரும் அடையாளத்தை இழவாமைக்கு இதுவே காரணம்.

4.2 இரு தொனிகள்

ஸ்வீடிஷ் சொற்கள் இரு தொனிகளுள் ஒன்றைப் பெற்று வழங்குகின்றன. ‘அன்தென்’ என்னும் சொல் முதல் தொனியில் ‘அவ்வாத்து’ எனவும், இரண்டாம் தொனியில் ‘அவ்வாவி’ எனவும் பொருள்படும். ‘தொம்தென்’ என்பது முதல் தொனியில் ‘அம்மனை நிலம்’. இரண்டாம் தொனியில் நாட்டார் நம்பிக்கையில் வீட்டைக் காக்கும் குறுந்தெய்வம். இவ்வாறு தொனியால் மட்டுமே வேறுபடும் இணைகள் முந்நூறுக்கு மேற்பட்டவை.

நடு ஸ்வீடிஷ் வழக்கில் தொகைச்சொற்கள், மிகச் சில நீங்கலாக, இரண்டாம் தொனியையே பெறுகின்றன. லுண்ட் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த கோஸ்டா புரூஸ் 1977இல் வெளியிட்ட ஆய்வு இத்தொனியின் இயல்பைத் தெளிவாக்கியது. இரண்டாம் தொனியில் இரு சுருதி முகடுகள் காணப்படுகின்றன. அவற்றுள் முதலாவது சொல்லுக்கு உரியது. இரண்டாவது, வாக்கியத்தில் அச்சொல் முதன்மை பெறும்போது தோன்றுவது என அவர் நிறுவினார். தொகையில் முதல் முகட்டினின்று சுருதி இறங்குவது முதன்மை அழுத்தமுள்ள அசையில் நிகழ்கிறது. மீண்டும் ஏறுவது துணை அழுத்தமுள்ள அசையில் நிகழ்கிறது. இடைப்பட்ட உறுப்புகள் எத்தனையாயினும் அவை தாழ்ந்த சுருதியிலேயே ஒலிக்கப்படுகின்றன.

இதனால் விளையும் பயன் பெரிது. இறங்கிய சுருதி மீண்டும் ஏறும் வரை சொல் முடியவில்லை என்பதைக் கேட்பவர் உணர்கிறார். சொல்லின் தொடக்கமும் முடிவும் இருபுறத் தூண்கள்போல நிற்க, இடையுறுப்புகள் அவற்றின்மேல் இட்ட பாலம்போல அமைகின்றன. சொல்லின் ஒருமை இவ்வாறு செவிக்குப் புலனாகிறது.

4.3 வட்டார வேறுபாடுகள்

மேற்கூறியவை நடு ஸ்வீடிஷ் வழக்கிற்கே முழுமையாகப் பொருந்தும். தென்கோடியிலுள்ள ஸ்கோனெ மாநில வழக்கில் இரண்டாம் தொனிக்கு ஒரே முகடுதான் உண்டு. அங்கு முதலுறுப்பின் தன்மையைப் பொறுத்து முதல் தொனி பெறும் தொகைகளும் வழங்குகின்றன. அவ்வழக்கில் ரகரம் பின்னாவால் ஒலிக்கப்படுவதால் 3.3இல் கூறிய வளைநா மாற்றமும் நிகழ்வதில்லை. பின்லாந்து ஸ்வீடிஷ் வழக்கின் பெரும்பகுதியில் இரு தொனி வேறுபாடே இல்லை. அங்குத் தொகையின் ஒருமையை அழுத்தம் தனித்து நின்று உணர்த்துகிறது.

5. சாரியையும் சேர்க்கைமுறையும்

அழுத்தம் முதலையும் இறுதியையும் மட்டுமே கருதுவதால், மூன்று உறுப்புகள் கொண்ட தொகையில் நடுவுறுப்பு முன்னதனோடு இணைந்ததா, பின்னதனோடு இணைந்ததா என்பதை அஃது உணர்த்த இயலாது. இக்குறையை ‘ஸ்’ என்னும் இணைப்பொலி ஓரளவு நிறைவு செய்கிறது. இது வரலாற்றில் ஆறாம் வேற்றுமை உருபிலிருந்து தோன்றியது. இன்று தொகையுள் அப்பொருளை இழந்து, இரண்டு உறுப்புகளை இயைப்பதற்கு மட்டுமே வருவதால், தமிழிலக்கண மரபை ஒட்டி இதனைச் சாரியை எனலாம். பழைய வேற்றுமை வடிவங்களின் எச்சமாக உயிர்ச்சாரியைகளும் உள்ளன. ‘வார’ (பண்டம்), ‘ஹூஸ்’ (வீடு) என்பவை இணைந்து ‘வாரு-ஹூஸ்’ (பல்பொருள் அங்காடி) ஆவது அத்தகையது.

தனிச்சொல் முதலுறுப்பாகும்போது சாரியை பெறாத இடத்திலும், அதுவே ஒரு தொகையின் ஈறாக நின்று மற்றொன்றுடன் இணையும்போது ‘ஸ்’ சாரியை தோன்றுவது ஸ்வீடிஷ் சொல்லாக்கத்தின் சிறப்பியல்பு. மேலே (10)இல் சாரியை இல்லை; (12)இல் உண்டு. கீழ்வருவதும் அது.

(13) //பொல்-/ப்லான் ‘பந்து மைதானம்’
(14) //ஃபூத்-பொல்ஸ்-/ப்லான் ‘கால்பந்து மைதானம்’

(14)இலுள்ள சாரியை, ‘ஃபூத்’, ‘பொல்’ என்பவை முதலில் இணைந்தன என்பதைக் காட்டுகிறது. இச்சாரியை பொருள் வேறுபாட்டிற்கே காரணமாவதைப் பின்வரும் இணை தெளிவாக்கும். இங்குப் ‘பூக்’ என்பது நூலையும், ‘க்லுப்’ என்பது கழகத்தையும் குறிக்கும்.

(15) //பாண்-பூக்-/க்லுப் ‘குழந்தைகளுக்கான நூற்கழகம்’
(16) //பாண்-பூக்ஸ்-/க்லுப் ‘குழந்தை நூல்களுக்கான கழகம்’

(15)இல் நூலும் கழகமும் முதலில் இணைந்தன. (16)இல் குழந்தையும் நூலும் முதலில் இணைந்தன. அழுத்தமும் தொனியும் இரண்டிலும் ஒன்றே. வேறுபாட்டின் சுமை முழுவதையும் ஒரே ஒரு ஸகரம் தாங்குகிறது.

இச்சான்றின் வரம்பும் அறியத்தக்கது. முதலாவதாக, சில தனிச்சொற்கள் எப்போதும் சாரியை பெற்றே வருகின்றன. ‘லன்த்ஸ்-லாக்’ (தேசிய அணி) என்பதில் முதலுறுப்பு தனிச்சொல்லேயாயினும் சாரியை உண்டு. சில ஆக்கவிகுதிகளில் முடியும் சொற்களும் பொதுவாகச் சாரியை பெறுகின்றன. இரண்டாவதாக, ‘ஸ்த்’ போன்ற மெய்ம்மயக்கத்தில் முடியும் உறுப்பின் பின் சாரியை பொதுவாக வருவதில்லை. கோதென்பர்க் நகரையும் லுண்ட் நகரையும் இணைக்கும் மேற்குக் கடற்கரை இரயில் பாதையின் பெயர் //வெஸ்த்-குஸ்த்-/பா.னன் என்பது. ‘மேற்குக் கடற்கரை’ என்னும் தொகை முதலில் அமைந்தும் சாரியை தோன்றவில்லை. இத்தகைய இடங்களில் சேர்க்கைமுறையைப் பொருளறிவே தீர்மானிக்கிறது.

6. ஒரு நெடுந்தொகையின் பகுப்பு

மேற்கூறியவற்றை ஒரு சொல்லில் பொருத்திக் காணலாம். ‘சொத்து விற்பனையால் வரும் ஆதாயத்தின் மீதான வரிவிதிப்பு’ எனப் பொருள்படும் சொல், ஸ்வீடிஷ் எழுத்துமுறையில் 28 எழுத்துகளைக் கொண்டது. ஒன்பது அசைகளை உடையது.

(17) ரெ.ய.லி.ஸ.//ஷூன்ஸ்-வின்ஸ்த்-பெ./ஸ்கத்.னிங்

முதலுறுப்பு (விற்பனை) ஈற்றசையில் அழுத்தம் பெறும் கடன்சொல். ஆதலால் முதன்மை அழுத்தம் ஐந்தாம் அசையில் விழுகிறது. இறுதியுறுப்பு (வரிவிதிப்பு) முன்னொட்டுப் பெற்றது. முன்னொட்டு அழுத்தம் பெறாமையின் துணை அழுத்தம் எட்டாம் அசைக்குச் செல்கிறது. நடுவிலுள்ள ‘வின்ஸ்த்’ (ஆதாயம்) இரண்டையும் பெறவில்லை. ஆகவே ஒன்பது அசைகளுள் ஐந்தாவதும் எட்டாவதுமே செவியில் மேலோங்கி நிற்கின்றன. ‘முதல் அசையில் அழுத்தம்’ என்னும் சுருக்க விதியை நம்பி இதனைப் படிப்பவர் இரண்டு இடங்களிலும் தவறுவர்.

சேர்க்கைமுறையை நோக்கினால், முதலெல்லையிலுள்ள சாரியை அவ்விகுதியின் காரணமாக வருவது. இரண்டாம் எல்லையில் சாரியையின்மை ‘ஸ்த்’ ஈற்றின் காரணமாக நேர்வது. ஆகவே இரண்டும் சேர்க்கைமுறையைப் பற்றி ஒன்றும் உணர்த்துவதில்லை. ‘விற்பனை ஆதாயம்’ என்பது நிலைபெற்ற சட்டச் சொல்லாதலை அறிந்தவரே இதனைச் சரியாகப் பகுத்துணர்வர். பேச்சுவழக்கு முதலுறுப்பைச் சுருக்கி ‘ரேய’ என்றாக்கிக் கொண்டது. 1999ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டம் முதலுறுப்பை மாற்றி, ‘மூலதன ஆதாயம்’ எனப் பொருள்படும் கபி.//தால்-/வின்ஸ்த் என்னும் தொகையை ஆள்கிறது.

7. எழுத்திலும் பயன்பாட்டிலும்

7.1 பிரித்தெழுதுதல்

தொகையை இடைவெளியிட்டு எழுதும் வழக்கம் ஸ்வீடனில் நெடுங்காலமாக விவாதிக்கப்பட்டு வருகிறது. ‘கஸ்ஸ’ என்பது பணம் செலுத்துமிடத்தையும், பெயரடையாக ‘மட்டமான’ என்பதையும் குறிக்கும். //கஸ்.ஸ-பெ.ஷு./னால் எனச் சேர்த்தால் ‘பணம் பெறும் ஊழியர்’ எனவும், இரண்டு சொற்களாகப் பிரித்து இரண்டாவதை மிகுதியாக அழுத்தினால் ‘மட்டமான ஊழியர்’ எனவும் பொருளாகிறது. //ரோக்-/ஃப்ரித் என்பது ‘புகையற்றது’. பிரித்தால் ‘தடையின்றிப் புகைப்பீர்’. //ஷூக்-/ஷோ.தெஷ்.க என்பது ‘செவிலியர்’. பிரித்தால் ‘நோயுற்ற பராமரிப்பாளர்’.

இத்தகைய எடுத்துக்காட்டுகளை நகைச்சுவை என்று ஒதுக்கிவிடலாகாது. எழுத்திலுள்ள இடைவெளி படிப்பவரின் குரலுக்குத் தரப்படும் ஆணையாகும். இடைவெளி இருப்பின் இரண்டு அழுத்தங்கள். இல்லையேல் ஒரே சுருதி வளைவு. பெரும்பாலான இடங்களில் சூழல் பொருளைக் காப்பாற்றிவிடுகிறது என்பது உண்மையே. பிரித்தெழுதுதல் ஆங்கிலத்தின் தாக்கம் எனக் கூறுவோர் உளர். எனினும் விதிகள் நிலைபெறுவதற்கு முற்பட்ட பழைய ஸ்வீடிஷ் நூல்களிலும் தொகைகள் பிரித்தெழுதப்பட்டுள்ளன. அந்நூற்றாண்டுகளிலும் பேச்சில் தொகை தொகையாகவே ஒலித்திருக்க வேண்டும். பின்வந்த எழுத்து விதி பேச்சின் ஒருமையைத் தாளில் பதிவு செய்தது எனலாம்.

7.2 மொழி பயிற்றல்

வேற்றுமொழியாளர் ஸ்வீடிஷ் கற்கையில் தனியொலிகளில் நேரும் பிழைகளைக் காட்டிலும் அழுத்தத்திலும் அளவிலும் நேரும் பிழைகளே புரிதலை மிகுதியாகத் தடுக்கின்றன. ராபர்ட் பன்னெர்ட் போன்ற ஒலியியலாளர்கள் அழுத்தத்திற்கும் அளவிற்கும் பயிற்சியில் முதலிடம் தந்தமை இதனால்தான். ஒவ்வோர் உறுப்பிற்கும் ஒத்த அழுத்தம் தந்து படிப்பவரின் நெடுந்தொகை, கேட்பவருக்குத் தொடர்பற்ற சொற்களின் வரிசையாகவே தோன்றும். உறுப்புகளைப் பிரித்தறிதல், முதலுறுப்பிலும் இறுதியுறுப்பிலும் அழுத்தமுள்ள அசையைக் காணுதல், இடையுறுப்புகளைத் தாழ்ந்த சுருதியில் கடத்தல் என்னும் வரிசையில் பயிற்சி அமைதல் நலம்.

7.3 பொறிப் பயன்பாடு

ஃபிராங்க்ளின் லியாங் 1983இல் வகுத்த வரிப்பிரிப்பு முறை எழுத்துக்கோவைகளைக் கொண்டு செயற்படுவது. அகராதியில் இல்லாத தொகைகள் நாள்தோறும் தோன்றும் மொழியில் எழுத்துக்கோவை மட்டும் போதாது. (4), (5) போன்ற இடங்களில் இரண்டு பிரிப்பும் விதிக்கு உட்பட்டவையே. எது பொருந்தும் என்பதைப் பொருளே கூறும். 1970களில் ஸ்டாக்ஹோம் அரச தொழில்நுட்பக் கழகத்தில் ரோல்ஃப் கார்ல்சன், பியோர்ன் கிரான்ஸ்ட்ரோம் ஆகியோர் எழுத்தைப் பேச்சாக்கும் அமைப்பை உருவாக்கத் தொடங்கினர். ஸ்வீடிஷ் மொழிக்கான இத்தகைய அமைப்பு எதுவாயினும் உறுப்பெல்லையைத் தவறாகக் கணித்தால் உயிரின் அளவும், அழுத்தத்தின் இடமும், சுருதியின் வளைவும் ஒருங்கே பிழைபடும். பார்வையற்றோர் இத்தகைய குரலைக் கொண்டே நூல்களையும் அரசு மடல்களையும் அறிகின்றனர் என்பதைக் கருதினால் இப்பிழையின் விளைவு நன்கு விளங்கும்.

8. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், ஸ்வீடிஷ் நெடுந்தொகையின் அமைப்பை ஒரே விதியால் விளக்க இயலாது என்பது பெறப்படும். அசைப்பிரிப்பு உறுப்பெல்லையை மதித்து நிற்கிறது. அசையின் அளவு அவ்வெல்லையைச் செவிக்குக் காட்டுகிறது. முதலுறுப்பிலும் இறுதியுறுப்பிலும் விழும் இரண்டு அழுத்தங்கள், சுருதி வளைவின் துணையோடு, எத்துணை நீண்ட தொகையையும் ஒரு சொல்லாகப் பிணிக்கின்றன. உள்ளே உறுப்புகள் சேர்ந்த முறையைச் சாரியை சுட்டுகிறது. சாரியை வாய்க்காத இடத்தில் பொருளறிவு அப்பணியை ஏற்கிறது.

முன்னுரையில் குறிப்பிட்ட 130 எழுத்துச் சொல்லுக்கும் இவ்விதிகளே உரியன. அதன் முதன்மை அழுத்தம் ‘வடக்கு’ என்னும் முதலுறுப்பில் விழும். துணை அழுத்தம் ‘பணிகள்’ என்னும் இறுதியுறுப்பிற்கு உரியது. ஒரே மூச்சில் ஒலிக்க இயலாமையின் பேசுவோர் அதனை இடையில் முறித்தே கூறுவர். அவ்வாறு முறிக்கும் இடமும் உறுப்பெல்லையாகவே இருக்கும்.